உடுக்கைக் குண்டும் உருளைக் குண்டும்: எது துல்லியமானது?

காற்றுத் துப்பாக்கி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, கடற்கரையிலும் திருவிழாக் கடைகளிலும் பலூன் சுடுவதற்கு வைத்திருக்கும் துப்பாக்கிதான். பத்தடி தூரத்தில் உள்ள பலூன்கூட அதற்குத் தப்பிவிடுவதைப் பார்த்தவர்கள், அந்தத் துப்பாக்கியையும் துல்லியத்தையும் சேர்த்துப் பேசினால் சிரிக்கக்கூடும். ஆனால் 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில்தான். அந்தப் போட்டியின் இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். குண்டு துளைத்த ஓட்டையின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பது கணக்கு. அதாவது, குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் விழவேண்டும். அறுபது முறை சுட்டு அறுபது முறையும் அதற்குள் விழச் செய்ய முயல்கிறவர்களின் கருவி இது.

இத்தனை நுட்பமான வேலையைச் செய்து முடிப்பது அரை கிராமுக்குச் சற்றே அதிகமான எடையுள்ள ஓர் ஈயத்துண்டு. பெல்லட் என்று அதற்குப் பெயர். நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் விரிந்திருக்கும். கோடாங்கிக்காரர் கையில் உள்ள உடுக்கையைச் சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சிறிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. மேலை நாட்டார் இதே வடிவமுள்ள ‘டயாபலோ’ என்ற விளையாட்டுப் பொருளின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். நாம் இதை உடுக்கைக் குண்டு என்றே அழைப்போம்.

அண்மை ஆண்டுகளில் இதற்குப் போட்டியாக ஸ்லக் என்ற மற்றொரு குண்டு பரவியிருக்கிறது. அதற்கு இடையும் கிடையாது, பின்புறம் விரிந்த பாவாடையும் கிடையாது. கூரிய மூக்கும் நேரான உடலும் கொண்ட ஈய உருளை அது. வெடிமருந்துத் துப்பாக்கியின் தோட்டாவிலிருந்து ஈயக் குண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தது போல இருக்கும். இதை உருளைக் குண்டு என்போம். இதை விற்பவர்களும், வாங்கிச் சுட்டுப் பார்த்து எழுதுகிறவர்களும் ஒரே குரலில் சொல்வது, இது உடுக்கைக் குண்டைவிடத் துல்லியமானது என்பதாகும். சான்றாக, ஐந்து ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் அட்டையின் படம் ஒன்றைக் காட்டுவார்கள்.

இந்தக் கூற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் சொல்லப்படும் இடத்தில் அது இல்லை. அந்த ஐந்து ஓட்டை அட்டை எதையும் நிரூபிப்பதும் இல்லை. இவற்றைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலூரில் மறைந்த கணித அறிஞர்

குண்டு ஏன் நேராகப் போவதில்லை என்ற கேள்வியைப் பௌதிக முறையில் முதலில் ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1742-இல் அவர் வெளியிட்ட நூல், பீரங்கிக் கலையைக் கைப்பழக்கத்திலிருந்து விஞ்ஞானமாக மாற்றியது எனலாம். கனமான மரக்கட்டையை ஊசல் போலத் தொங்கவிட்டு, அதன்மீது குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு பின்வாங்குகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். இன்றும் பள்ளிப் புத்தகங்களில் வரும் கணக்கு அது. காற்றின் தடை அதுவரை எண்ணியதைவிடப் பன்மடங்கு பெரியது என்று அவர் கண்டார். உருண்டைக் குண்டு ஏதாவது ஒரு பக்கமாகச் சுழன்று கொண்டு போனால் பாதை வளையும் என்றும், குழலின் உட்புறத்தில் திருகுப் புரிகள் வெட்டி, குண்டைப் போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலச் செய்தால் இந்தக் கோணல் நீங்கும் என்றும் விளக்கினார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்யும் பொறுப்பில் இந்தியாவுக்கு வந்த அவர், 1751-இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 2019-இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்ததும் அதே கடலூரில்தான். தற்செயலான பொருத்தம்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ராபின்ஸ் காலத்துக் குண்டுகள் வெறும் உருண்டைகள். அவருக்குப் பின் 1780-ஐ ஒட்டி ஆஸ்திரியப் படைக்காக ஜிரார்டோனி செய்த காற்றுத் துப்பாக்கியும் ஈய உருண்டையைத்தான் சுட்டது. அத்தகைய துப்பாக்கி ஒன்றைத்தான் மெரிவெதர் லூயிஸ் 1803 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்த பயணத்தில் எடுத்துச் சென்றார் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் முடிவு. உடுக்கை வடிவம் வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

அதன் பின்புறம் குழிவானது. அந்தப் பாவாடையின் ஓரம் மிக மெல்லியது. அழுத்தப்பட்ட காற்று பின்னாலிருந்து தள்ளும்போது ஓரம் சற்றே விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்கிறது. காற்று பக்கவாட்டில் கசிவதில்லை. இதே தத்துவத்தை வெடிமருந்துத் துப்பாக்கியில் 1849-இல் மினியே என்ற பிரெஞ்சுக்காரர் பயன்படுத்தினார். 1857-இல் நம் நாட்டுச் சிப்பாய்களிடையே பெருங்கலகத்துக்குக் காரணமான என்ஃபீல்டு துப்பாக்கியின் குண்டும் இவ்வாறு பின்புறம் விரியும் இனத்தைச் சேர்ந்ததே. காற்றின் பலம் வெடிமருந்தின் பலத்தில் மிகச் சிறு பங்கு என்பதால், மெல்லிய பாவாடை காற்றுத் துப்பாக்கிக்கு மிகவும் ஏற்றதாயிற்று.

இறகுப்பந்தும் பம்பரமும்

உடுக்கைக் குண்டு குழலைவிட்டு வெளியே வந்த பிறகு நடப்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். அதன் தலை கனமானது, வால்பகுதி உள்ளீடற்றது. எனவே நிறை மையம் முன்னால் இருக்கிறது. காற்றின் தடையோ விரிந்த பாவாடையின் மீது அதிகமாக விழுகிறது. ஆதலால் அழுத்த மையம் பின்னால் இருக்கிறது. குண்டு சற்றே சாய்ந்தாலும் காற்றே அதன் வாலைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து நேராக்கிவிடும். இறகுப்பந்து எப்படி அடித்தாலும் தக்கை முன்னாலும் இறகு பின்னாலுமாகத் திரும்பிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். குழலின் புரிகள் தரும் சுழற்சி இதற்குமேல் ஒரு துணை.

உருளைக் குண்டுக்கு இந்த வசதி இல்லை. அதன் அழுத்த மையம் நிறை மையத்துக்கு முன்னால் இருக்கிறது. சுழற்சி இல்லாவிட்டால் அது தலைகீழாகப் புரண்டுவிடும். அதை நிறுத்தி வைப்பது பம்பரத்தை நிறுத்தி வைக்கும் அதே சுழற்சிதான். ஆகவே குழலின் புரி எத்தனை நீளத்துக்கு ஒரு சுற்றுத் திரும்புகிறது என்பது இதற்கு உயிர்நாடி.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் கணித அறிஞர் கிரீன்ஹில் 1879-இல் தந்த வாய்பாடு அது. குண்டின் விட்டத்தை வர்க்கப்படுத்தி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்குத் தேவையான குழல் நீளம் கிடைக்கும். 5.5 மில்லிமீட்டர் விட்டமும் 8 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைக் குண்டுக்கு இது சுமார் 567 மில்லிமீட்டர். காற்றுத் துப்பாக்கிக் குழல்களில் பரவலாகக் காணப்படும் புரி 450 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. அதாவது, தேவைக்கு மேலேயே சுழற்சி கிடைக்கிறது. நீளத்தை 12 மில்லிமீட்டராக்கினால் தேவை 378 மில்லிமீட்டராகிவிடும்; அந்தக் குழல் போதாது. ஒரே துப்பாக்கியில் ஓர் உருளைக் குண்டு ஊசி போலவும், இன்னொன்று கண்டபடியும் பறப்பதற்கு இது ஒரு காரணம். ‘ஸ்லக் துல்லியமானது’ என்று பொதுப்படச் சொல்வது எவ்வளவு பொருளற்றது என்பது இங்கேயே தெரிகிறது. எந்த நீளம், எந்தக் குழல் என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது.

இனி உடுக்கைக் குண்டின் குறை. பாவாடையைப் பிடித்து இழுத்து நேராக்கும் காற்று, அதற்குரிய கூலியை வேகத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் ஒப்பிட ஒரு கணக்குப் போடுவோம். இரண்டும் 5.5 மில்லிமீட்டர் விட்டம். இரண்டும் விநாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் கிளம்புகின்றன. உடுக்கைக் குண்டு 1.17 கிராம், உருளைக் குண்டு 1.62 கிராம். முன்னது ஒவ்வொரு மீட்டருக்கும் தன் வேகத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கையும், பின்னது இரண்டு பங்கையும் இழப்பதாகக் கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்களே எனினும், நடைமுறைக்கு அருகில் உள்ளவை. 100 மீட்டர் சென்றதும் உடுக்கைக் குண்டின் வேகம் 164 மீட்டராகக் குறைந்திருக்கும். உருளைக் குண்டு இன்னும் 221 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது பக்கவாட்டில் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்போம். வேப்பிலை சலசலக்கும் அளவுக் காற்றுதான். குண்டு எவ்வளவு விலகும்? பலரும் நினைப்பதுபோல, குண்டு பறக்கும் நேரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்குவது தவறு. காற்றே இல்லாத வெற்றிடத்தில் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகிறதோ, அந்தத் தாமதத்தை மட்டும் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். 25 மீட்டரில் உடுக்கைக் குண்டு 1.8 சென்டிமீட்டர் விலகும். உருளைக் குண்டு 0.7. 50 மீட்டரில் 7.6-க்கு எதிராக 2.9. 100 மீட்டரிலோ 33 சென்டிமீட்டருக்கு எதிராக 12. உருளைக் குண்டின் மேன்மை தூரத்தோடு எப்படி வளர்கிறது பாருங்கள். காற்றின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிடுகிறவர், மூன்றில் ஒரு பங்கு தவறாக மதிப்பிட்டால்கூட, 100 மீட்டரில் உடுக்கைக் குண்டு 11 சென்டிமீட்டர் தவறும். உருளைக் குண்டு 4 சென்டிமீட்டர்தான். திறந்தவெளியில், தொலைதூரத்தில், உருளைக் குண்டின் கட்சியே வெல்லும். இதை மறுப்பவர் காற்றில் சுட்டுப் பழகாதவர்.

உடுக்கைக் குண்டுக்குத் தொலைதூரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. வேகம் மளமளவென்று குறைய, சுழற்சி மட்டும் மெதுவாகவே குறைகிறது. கடைசியில் வேகத்துக்குப் பொருந்தாத அதிகச் சுழற்சி மிஞ்சி, குண்டு நேர்கோட்டை விட்டுத் திருகுசுருள் போலச் சுற்றிச் சுற்றிப் போகத் தொடங்கிவிடலாம். அருகில் அழகாக ஒட்டி விழுந்த குண்டுகள் தொலைவில் திடீரென்று பரந்து விழுவதை இப்படி விளக்குவார்கள்.

மேன்மை எங்கே முடிகிறது

ஆனால் மேலே கண்ட மேன்மை முழுவதும் காற்றைச் சமாளிப்பதில் உள்ள மேன்மை. அதைத் துல்லியம் என்று சொல்வதில்தான் குழப்பம் நுழைகிறது. எறிபொருள் கெழு என்று ஓர் எண்ணைப் பெட்டியின்மேல் அச்சிடுகிறார்கள். காற்றின் தடையை ஒரு குண்டு எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்பதற்கு அது அளவு. உருளைக் குண்டுக்கு அது உடுக்கைக் குண்டைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இருப்பதுண்டு. உடனே வாங்குகிறவர் துல்லியமும் மூன்று மடங்கு என்று எண்ணிக்கொள்கிறார். காற்றசைவே இல்லாத மூடிய கூடத்தில் சுட்டால் அந்த எண்ணுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அங்கே குண்டுகள் சிதறுவதற்குக் காரணம் வேறு.

அந்தக் காரணங்களில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம், ஏனென்றால் அதன் கணக்கு அழகானது. குண்டின் நிறை மையம் அதன் நடு அச்சில் சரியாக அமையாமல், நூறில் ஒரு மில்லிமீட்டர் விலகியிருப்பதாகக் கொள்வோம். வார்ப்பிலோ அச்சிலோ ஏற்பட்ட சிறு பிசகு. குழலுக்குள் இருக்கும்வரை, இந்த மையம் சுழல் அச்சைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டு வருகிறது. குழல்வாயை விட்டதும், கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல்லைக் கைவிட்டால் பாய்வதுபோல, அது தொடுகோட்டின் வழியே பக்கவாட்டில் வீசப்படுகிறது. 450 மில்லிமீட்டர் புரியுள்ள குழலில் இதனால் ஏற்படும் விலகல் 10 மீட்டருக்கு 1.4 மில்லிமீட்டர், 50 மீட்டருக்கு 7 மில்லிமீட்டர். குண்டு எத்தனை வேகத்தில் போனாலும் இதே அளவுதான். வேகம் கூடினால் சுழற்சியும் கூடுவதால் இரண்டும் கழிந்துபோகின்றன. பத்து மதிப்பெண்ணுக்கு மொத்தமே இரண்டரை மில்லிமீட்டர்தான் இடம் என்பதை நினைத்தால், நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகு எவ்வளவு பெரிய குற்றம் என்பது விளங்கும்.

இந்தக் குற்றம் வடிவத்தைப் பொறுத்ததன்று, செய்நேர்த்தியைப் பொறுத்தது. நன்கு செய்யப்பட்ட உடுக்கைக் குண்டு, ஏனோதானோவென்று செய்யப்பட்ட உருளைக் குண்டைத் தோற்கடிக்கும். திருப்பிச் சொன்னாலும் சரியே. உடுக்கைக் குண்டின் மெல்லிய பாவாடை பெட்டிக்குள்ளேயே நசுங்கிவிடலாம் என்பது அதற்கு ஒரு பலவீனம். நேரான நீண்ட உடல் குழலோடு முழுவதும் உராய்வதால், விட்டத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் குழலுக்கு ஒவ்வாமற்போவது உருளைக் குண்டின் பலவீனம். உடுக்கைக் குண்டு தலையாலும் பாவாடையாலும் மட்டுமே குழலைத் தொடுகிறது. குழலுக்குக் குழல் உள்ள வேறுபாட்டை அது பொறுத்துக்கொள்ளும். பல காற்றுத் துப்பாக்கிக் குழல்களில் வாய்க்கு அருகே உட்புறம் சற்றே இறுக்கமாக்கப்பட்டிருக்கும். உடுக்கைக் குண்டை அது கடைசி நேரத்தில் ஒழுங்காகப் பிடித்து வெளியே விடுகிறது. அதே இறுக்கம் உருளைக் குண்டின் உடல் முழுவதையும் நெருக்கி உருவத்தையே மாற்றிவிடக்கூடும்.

சர்வதேச விதிகள் 10 மீட்டர் போட்டியில் ஈயத்தாலோ வேறு மென்மையான பொருளாலோ ஆன 4.5 மில்லிமீட்டர் குண்டு எந்த வடிவில் இருந்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. உருளைக் குண்டுக்கு அங்கே தடையில்லை. இருந்தும், அரை மில்லிமீட்டருக்காக உயிரை விடும் அந்த வீரர்கள் தட்டைத் தலை உடுக்கைக் குண்டையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் துப்பாக்கியிலிருந்து குண்டு வெளிவருவது விநாடிக்கு சுமார் 170 மீட்டர் என்ற அடக்கமான வேகத்தில். தட்டைத் தலை, அட்டையில் வட்டமாக, பிசிறின்றித் துளையிடும். தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டுடன் தனித்தனிப் பெட்டிகளில் கிடைக்கிறது. தம் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். உலகிலேயே துல்லியத்தை மிகக் கறாராக அளக்கும் இடத்தில் உருளைக் குண்டுக்கு வேலையில்லை என்பதை அதன் விளம்பரக்காரர்கள் ஏன் சொல்வதில்லை?

ஐந்து ஓட்டை அட்டை

இனி அந்தப் படத்துக்கு வருவோம். தேசிய மாணவர் படையில் சேர்ந்து துப்பாக்கி சுட்ட மாணவர்களுக்குக் ‘குரூப்பிங்’ என்ற சொல் பழக்கமானது. ஐந்து குண்டுகளைச் சுட்டு, ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள இரு ஓட்டைகளின் இடைவெளியை அளப்பார்கள். இதைக் குழுவின் அகலம் என்போம். சிறிய குழு நல்ல துப்பாக்கிக்கு அடையாளம் என்பது வழக்கு.

அளவு எளிமையானதுதான், ஆனால் மிக நம்பத்தகாதது. ஐந்து குண்டுகளைப் பற்றிய எல்லாச் செய்தியையும் விட்டுவிட்டு, மிக மோசமான இரண்டை மட்டும் அது அளக்கிறது. ஒரு துப்பாக்கியும் ஒரு வகைக் குண்டும் சேர்ந்து தரும் ஐந்து குண்டுக் குழுக்களின் சராசரி அகலம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியல் கணக்குப்படி அதன் திட்டவிலக்கம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அதாவது அதே துப்பாக்கி, அதே குண்டு, அதே ஆள் சுட்டு, ஒரு முறை 18 மில்லிமீட்டரும் அடுத்த முறை 32 மில்லிமீட்டரும் வருவது முற்றிலும் சாதாரணம். இரண்டுக்கும் நடுவே எதுவுமே மாறவில்லை. ஆனால் முதல் அட்டையின்மீது ‘ஸ்லக்’ என்றும் இரண்டாவதன்மீது ‘பெல்லட்’ என்றும் எழுதிவிட்டால், ஒரு பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்துவிட்டதாகத் தோன்றும்!

இரண்டு வகைக் குண்டுகளுக்கு இடையே பத்து சதவீத வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறதா என்று ஓரளவு நம்பிக்கையுடன் சொல்ல, ஒவ்வொரு வகையிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட குழுக்கள் சுட வேண்டியிருக்கும். இருபது சதவீத வேறுபாட்டுக்கே பதினைந்து குழுக்கள். மூன்று குழுக்கள் சுட்டு, ‘15 சதவீதம் மேம்பாடு’ என்று எழுதுவது, நாணயத்தை மூன்று முறை சுண்டிவிட்டு அது பூ விழும் நாணயம் என்று தீர்ப்புச் சொல்வதற்குச் சமம்.

மற்றொரு தந்திரம் உண்டு. பெரும்பாலும் எழுதுகிறவருக்கே தெரியாமல் நடப்பது. அவர் எட்டு வகை உருளைக் குண்டுகளை வாங்கிச் சுடுகிறார். ஒப்பிடுவதற்குத் தம்மிடம் ஏற்கெனவே உள்ள ஒரே வகை உடுக்கைக் குண்டையும் சுடுகிறார். ஒன்பதிலும் மிகச் சிறிய குழுவைத் தந்தது ஓர் உருளைக் குண்டு என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கிறார். ஒன்பது வகைகளும் எல்லா விதத்திலும் சமமாகவே இருந்தாலும், முதலிடம் உருளைக் குண்டுக்குக் கிடைக்கும் வாய்ப்பு ஒன்பதில் எட்டு. பந்தயத்தில் எட்டுக் குதிரைகளை ஒருவரே ஓடவிட்டால் அவர் வெல்வதில் வியப்பு என்ன?

‘இந்த ஒரு குண்டு மட்டும் என் கை அசைந்ததால் விலகிவிட்டது’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவதும் வழக்கம். மல்லாட்டையில் சொத்தையை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, மூட்டை முழுவதும் முத்து என்று விலை பேசுவது போன்றது இது. கை அசைந்தது என்று குண்டு விழும் முன்பே சொன்னால் ஏற்கலாம். விழுந்த இடத்தைப் பார்த்த பிறகு சொன்னால் ஏற்பதற்கில்லை.

சோதனையில் ‘ஒரே துப்பாக்கி, ஒரே அமைப்பு’ என்று பெருமையாகக் குறிப்பிடுவார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இதில்தான் பெரிய அநியாயம் இருக்கிறது. உருளைக் குண்டுக்கு ஏற்றபடி அழுத்தத்தைக் கூட்டி வைத்த துப்பாக்கியில், அதைவிட இலேசான உடுக்கைக் குண்டைப் போட்டால், அது தனக்குரிய வேகத்தைத் தாண்டி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். அந்த எல்லையில் காற்றின் ஓட்டம் கொந்தளித்து, உடுக்கைக் குண்டு தள்ளாடும். பிறகு, பார்த்தீர்களா, பெல்லட் சிதறுகிறது என்பார்கள். உடுக்கைக் குண்டுக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். வாயிறுகிய பழைய குழலில் உருளைக் குண்டைத் திணித்துச் சுட்டுவிட்டு, ஸ்லக் என்பது வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற குழலும் வேகமும் கொடுத்து, அதன் உச்சநிலையில் ஒப்பிடுவதே முறை. அதற்கு நாட்கணக்கில் பொறுமை வேண்டும்.

இந்த விவாதத்தைப் படிக்கும் மாணவர்கள் ஒரு பரிசோதனையைத் துப்பாக்கி இல்லாமலே செய்து பார்க்கலாம். இரண்டு பகடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வரும் எண்ணைக் கிடையாகவும் மற்றதில் வரும் எண்ணை நெட்டாகவும் கொண்டு வரைபடத்தாளில் புள்ளி வையுங்கள். ஐந்து புள்ளிகள் ஒரு குழு. இப்படி இருபது குழுக்கள் வரைந்து, ஒவ்வொன்றின் அகலத்தையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். பகடை ஒன்றே, ஆனாலும் குழுக்களின் அகலம் கணிசமாக மாறுவதைக் காண்பீர்கள். பத்துப் புள்ளிக் குழுக்களாக வரைந்தால் அகலம் சராசரியில் கூடும். ஆனால் குழுவுக்குக் குழு உள்ள ஏற்றத்தாழ்வு குறையும்.

இத்தனைக்கும் பிறகு, எது துல்லியமானது என்று கேட்டால் என் அபிப்பிராயம் இது. 10 மீட்டரிலும், மூடிய கூடங்களிலும், வில்சுருளால் இயங்கும் சாதாரணத் துப்பாக்கிகளிலும் உடுக்கைக் குண்டை விட்டுவிடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. சாதாரணத் துப்பாக்கியின் குறைந்த பலத்தில், கனத்த உருளைக் குண்டு குழலோடு உராய்ந்து மெதுவாக வெளியேறி, வளைந்த பாதையில்தான் போய்ச் சேரும். அழுத்திய காற்றைக் கலத்தில் அடைத்துச் சுடும் பலமான துப்பாக்கியில், 50 மீட்டருக்கு அப்பால், திறந்தவெளியில், குழலுக்குப் பொருந்திய உருளைக் குண்டு மேலானது. இடைப்பட்ட தூரத்தில் வடிவத்தைவிட, குறிப்பிட்ட குழலும் குறிப்பிட்ட பெட்டிக் குண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதே முடிவு செய்கிறது.

ஒன்றை மட்டும் எந்தச் சோதனைக் கட்டுரையும் அட்டைப் படத்துக்கு அருகில் போடுவதில்லை. மேலே போட்ட கணக்கில், கிளம்பும்போது உருளைக் குண்டின் ஆற்றல் 59 ஜூல். உடுக்கைக் குண்டினுடையது சுமார் 43. 100 மீட்டர் சென்றபின் உடுக்கைக் குண்டில் எஞ்சியிருப்பது 16 ஜூல். உருளைக் குண்டிலோ 40 ஜூல். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், குழல்வாயில் 20 ஜூலுக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கின்றன. உரிமம் தேவைப்படாத துப்பாக்கி தன் வாயிலேயே தரமுடியாத ஆற்றலைப்போல் இரு மடங்கை, உருளைக் குண்டு 100 மீட்டருக்கு அப்பாலும் சுமந்து செல்கிறது. தோட்டத்தில் தகரப் பலகைக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல் உடுக்கைக் குண்டு சுட்டு வந்தவர், அதே இடத்தில் உருளைக் குண்டைப் போடும் முன் பலகைக்குப் பின்னால் இருப்பது யாருடைய வயல், யாருடைய வீடு என்று நடந்துபோய்ப் பார்த்துவர வேண்டும். குறி தவறாத குண்டும் தகரத்தைத் துளைத்துக்கொண்டு அப்பால் போகக்கூடியதே.